பிபி குறைவாக இருப்பவருக்கு பிபி மாத்திரை எதற்கு?

நீடாமங்கலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒருவர் தம் தந்தையாரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தந்தையாருக்கு 61 வயது. நெல் சாகுபடி செய்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து, அதன்பின் எடுத்த எக்கோவில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான் என்று தெரிந்திருக்கிறது. சென்ற மாதம் இரத்த அழுத்தம் 98/64 என்று இருந்தும், மருத்துவர் ராமிப்ரில் மாத்திரையை 2.5 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாக உயர்த்தியிருக்கிறார். கார்வெடிலாலும் ஸ்பைரோனோலாக்டோனும் தொடர்கின்றன. மருந்துக்கடையில் இவை எல்லாமே பிபி மாத்திரைகள் என்று சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு பிபி 160 இருந்தும் அம்லோடிபின் ஒன்றுதான் கொடுத்திருக்கிறார்கள்; பிபியே இல்லாத அப்பாவுக்கு எதற்கு இத்தனை, இவை இரத்தக் குழாய்களை என்ன செய்கின்றன, நாளடைவில் குழாய்கள் தளர்ந்து கெட்டுவிடாதா, நிறுத்திவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நிறுத்த வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொது மருத்துவம் பார்த்துவருகிறேன். இந்தக் கேள்வியை நேரில் கேட்டுத் தெளிந்தவர்களைவிட, கேட்காமலேயே மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்று நான்கு வாரங்களில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவு முழுவதும் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு, விடியற்காலையில் வந்து சேர்ந்தவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களில் எவரும் அலட்சியக்காரர் அல்லர். பிபி குறைவாக இருக்கிறது, பிபி மாத்திரை அதை இன்னும் குறைக்கும், ஆகவே நிறுத்துவதே நல்லது என்ற கணக்கு பார்த்தவுடன் சரியாகத்தான் தோன்றுகிறது. அது எந்த இடத்தில் பிழையாகிறது என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

இந்த மாத்திரைகள் முதலில் உயர் இரத்த அழுத்தத்துக்குப் பயன்பட்டதால் பிபி மாத்திரை என்ற பெயர் அவற்றோடு ஒட்டிக்கொண்டது. உங்கள் தந்தையாருக்கு அவை கொடுக்கப்படுவது கருவி காட்டும் எண்ணுக்காக அல்ல. அவருடைய இரத்தக் குழாய்கள் இறுகியிருக்கின்றன. அந்த இறுக்கத்தை எதிர்த்து, இயல்பான வலுவில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிட்ட ஓர் இதயம் நாள் முழுவதும் தள்ளிக்கொண்டிருக்கிறது. மருந்து அந்த இறுக்கத்துக்காகத்தான்.

இரத்த அழுத்தம் என்பது இரண்டு எண்களைப் பெருக்கி வரும் தொகை. இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் இரத்தத்தின் அளவு ஒன்று. அந்த ஓட்டத்துக்குக் குழாய்கள் காட்டும் தடை மற்றொன்று. ஓய்வாக இருக்கும் நலமான ஒருவருக்கு இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தள்ளுகிறது. தடையைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை பெரிய தமனிகள் அல்ல. அவை கிளைத்துக் கிளைத்து, ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னமே அகலமுள்ள நுண்தமனிகளாக முடியும் இடத்தில்தான் தடை இருக்கிறது. நுண்தமனியின் சுவரில் வளையம் வளையமாகத் தசை சுற்றியிருக்கிறது. அந்தத் தசை இறுகினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். குழாயின் ஆரம் பத்து சதவீதம் குறைந்தால் ஓட்டமும் பத்து சதவீதம்தான் குறையும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், ஆரத்தில் பத்து சதவீதம் குறைந்தாலே, அதே அழுத்தத்தில் ஓட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மருந்து குழாயைச் சிறிதளவு விரித்தாலும் பலன் பெரிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பெருக்கல் தொகை என்பதால், ஒரே 98/64 இரண்டு விதமாக வரலாம். நல்ல ஓட்டமும் குறைந்த தடையும் சேர்ந்து அந்த எண்ணைத் தரலாம். மெலிந்த ஓட்டமும் மிகுந்த தடையும் சேர்ந்தும் அதே எண்ணைத் தரலாம். கையில் கட்டும் பட்டை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. உங்கள் தந்தையாருக்கு இருப்பதுபோல் இதயம் வலுவிழந்து போதிய அளவு தள்ள முடியாத நிலையை இதயச் செயலிழப்பு என்கிறோம். சிகிச்சை தொடங்காத இதயச் செயலிழப்பில் இரண்டாவது நிலைதான் வழக்கம்.

வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆற்றில் வரத்து குறைந்த காலத்தில் எல்லா ஷட்டர்களையும் திறந்துவைத்தால் எந்தக் கிளையிலும் தண்ணீர் ஏறாது. ஆகவே சில ஷட்டர்களை இறக்கி, மட்டத்தை உயர்த்தி, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தலைப்பில் நின்று பார்ப்பவருக்கு ஆற்றின் மட்டம் பரவாயில்லை என்று தோன்றும். கடைமடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். இதயம் வலுவிழக்கும்போது உடலும் ஏறக்குறைய இதையே செய்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் போகும் இரத்தத்தைக் காப்பாற்றுவதற்காகத் தோல், குடல், கை கால் தசைகள், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் நுண்தமனிகளை இறுக்குகிறது. கை கால் சில்லிட்டிருப்பதும், வரப்பில் நான்கு எட்டு நடப்பதற்குள் கால் ஓய்ந்துபோவதும், பகலில் சிறுநீர் குறைவதும், சாப்பாட்டில் மனம் செல்லாமல் வயிறு மந்தமாக இருப்பதும் கடைமடைக்கு நீர் எட்டாததன் அறிகுறிகள்.

ஆனால் இந்த உவமை ஓரிடத்தில் பொருந்தாது, நோயின் வேரும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. மூணாறு தலைப்பில் ஷட்டரை இறக்குவதால் மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் குறைவதில்லை. உடலிலோ, குழாய் இறுகினால் அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ள முடியாமல் இதயத்திலிருந்து வரும் வரத்தே குறைகிறது. வரத்து குறைந்ததும் உடல் இன்னும் இறுக்குகிறது. இறுக்க இறுக்க இதயம் இன்னும் சோர்கிறது.

உடல் ஏன் தனக்கே இப்படிச் செய்துகொள்கிறது? சிறுநீரகத்துக்குத் தெரிவது ஒன்றுதான்: தன்னிடம் வரும் இரத்தம் குறைந்திருக்கிறது. வெட்டுக்காயத்தில் இரத்தம் போய்க் குறைந்ததா, வாந்திபேதியில் நீர் வற்றிக் குறைந்ததா, பம்பு பழுதாகிக் குறைந்ததா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. முதல் இரண்டுக்கும் ஏற்ற பதிலையே மூன்றாவதுக்கும் தருகிறது. ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, ஆஞ்சியோடென்சின்-1 உண்டாகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவரில், குறிப்பாக நுரையீரல் குழாய்களில், நிறைந்திருக்கும் ஏசிஇ என்ற நொதி அதை ஆஞ்சியோடென்சின்-2 ஆக மாற்றுகிறது. உடலில் உள்ள மிக வலுவான குழாய் இறுக்கிகளில் அதுவும் ஒன்று. அதுவே அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கவைத்து உப்பையும் நீரையும் உடலில் தங்கவைக்கிறது, தாகத்தையும் கூட்டுகிறது. இன்னொரு பக்கம் நரம்புகள் வழியாக நார்அட்ரினலின் பாய்ந்து, தமனிகளோடு சிரைகளையும் இறுக்குகிறது. உடலின் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில்தான் இருக்கிறது. அவை இறுகும்போது அந்த இரத்தம் மார்பை நோக்கித் தள்ளப்பட்டு, ஏற்கெனவே நிரம்பி வழியும் இதயத்துக்குப் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுவது இதனால்தான்.

இந்த இறுக்கம் மணிக்கணக்கில் இருந்தால் உயிர் காக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் குழாயின் சுவரையே மாற்றிவிடும். தொடர்ந்து இறுகியிருக்கும் தசை தடிக்கிறது. சுவரில் நார்ப்பொருள் சேர்கிறது. சுவரே விறைத்து, விரிய வேண்டிய நேரத்திலும் விரிய முடியாததாகிறது. குழாயின் உட்சுவர்ச் செல்கள் இயல்பாக நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து தசையைத் தளர்த்திக்கொண்டிருக்கும். இதயச் செயலிழப்பில் அதுவும் குறைந்துவிடுகிறது. நலமான ஒருவர் நடக்கத் தொடங்கினால் கால் தசைக்குப் போகும் குழாய்கள் உடனே விரிகின்றன; இவர்களுக்கு அது சரிவர நடப்பதில்லை, நடக்க முடியாமல் போவதற்குப் பம்பிங் குறைவு மட்டுமே காரணம் அன்று. ஆகவே மாத்திரையால் குழாய் தளர்ந்து கெட்டுவிடாதா என்று அஞ்சுகிறவர்களிடம் நான் மறுபக்கத்தைக் காட்ட விரும்புகிறேன்: குழாய் ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருக்கிறது, அதைக் கெடுப்பது ஆஞ்சியோடென்சினும் ஆல்டோஸ்டிரோனும் நார்அட்ரினலினும். ராமிப்ரில் போன்ற மருந்துகள் அந்தக் கேட்டைத் தடுக்கின்றன. பழைய துணியின் எலாஸ்டிக்கைப்போல அவை குழாயைத் தொளதொளக்க வைப்பதில்லை. குழாய்த் தசையின் சுருங்கும் திறன் அப்படியேதான் இருக்கும், மிகையான கட்டளைதான் குறையும்.

இனி 98/64க்கு வருவோம். இது சராசரியாக 75 அளவிலான அழுத்தம். கணக்குக்காக, சிகிச்சைக்கு முன் இதயம் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர்தான் தள்ளியது, குழாய்களின் தடை 22 அலகு என்று வைத்துக்கொள்வோம், பெருக்கினால் 77. மருந்து தடையை 17 அலகாகக் குறைக்கிறது. ஓட்டம் மாறாதிருந்தால் அழுத்தம் 60க்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் எதிரே தடை குறைந்ததும் பலவீனமான இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிட அதிகமாகத் தள்ள முடிகிறது, ஓட்டம் 4.4 லிட்டராக உயர்கிறது. இப்போது பெருக்கினால் ஏறத்தாழ 75. பட்டையில் தெரியும் எண் அநேகமாக அதேதான், உறுப்புகளுக்குப் போகும் இரத்தமோ நான்கில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. நலமான இதயம் எதிரே தடை கூடினாலும் குறைந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவைத்தான் தள்ளும். அதனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை போட்டால் அவருக்கு அழுத்தம் இறங்குகிறது. வலுவிழந்த இதயம் தடையின் ஏற்ற இறக்கத்துக்கு உடனுக்குடன் மாறுவது. ஒரே வகை மருந்து இரண்டு பேரிடம் இரண்டு விதமாக நடப்பதன் காரணம் இது.

மாரடைப்புக்குப் பின் இதயம் பெருத்துப்போனவர்களில் பலருக்கு மைட்ரல் வால்வும் சரியாக மூடாமல் கசிவதுண்டு. எக்கோ அறிக்கையில் அது எழுதப்பட்டிருக்கும். அப்போது இதயத்தின் இடது கீழறை சுருங்கும்போது இரத்தத்துக்கு இரண்டு வழிகள்: முன்னே மகாதமனிக்குள், அல்லது பின்னே கசியும் வால்வு வழியாக நுரையீரல் பக்கம். கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் உரிய மதகுகளை அடைத்தால் தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடுகிறதல்லவா, அதைப்போல முன்வழியில் தடை கூடினால் கசிவு கூடும். குழாய்கள் விரிந்து முன்வழி இலகுவானால், வால்வைத் தொடாமலேயே கசிவு குறையும். தொடக்க வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறைந்தது என்று சில நோயாளிகள் சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு.

ராமிப்ரில் எங்கே வேலை செய்கிறது என்பது மேலே சொன்னதிலிருந்தே தெரியும்: ஏசிஇ நொதியைத் தடுக்கிறது. இந்த வகை மருந்தின் பிறப்பு ஒரு பாம்பின் நஞ்சிலிருந்து தொடங்குகிறது. பிரேசிலின் ஜராராகா விரியனின் நஞ்சை ஆராய்ந்த சர்ஜியோ ஃபெரேரா, அதில் உள்ள ஒரு பொருள் பிராடிகைனின் என்ற குழாய் விரிப்பானின் வேலையை வலுப்படுத்துவதை 1960களில் கண்டார். அந்த வழியைப் பின்பற்றி டேவிட் குஷ்மன், மிகுவெல் ஒன்டெட்டி ஆகியோர் 1970களில் உருவாக்கிய கேப்டோபிரில், 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏசிஇ நொதி ஆஞ்சியோடென்சின்-2ஐ உண்டாக்குவதோடு பிராடிகைனினைச் சிதைக்கவும் செய்கிறது; ஆகவே அதைத் தடுத்தால் இறுக்கி குறைகிறது, விரிப்பானும் கூடுகிறது. கூடும் பிராடிகைனின் உட்சுவரை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவைக்கிறது. இந்த மாத்திரையால் சிலருக்கு வரும் விடாத வறட்டு இருமலுக்கும் அதே பிராடிகைனின்தான் காரணம் என்று கருதப்படுகிறது. இருமலைக் கண்டு சளி மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் சொன்னால், பிராடிகைனினைத் தொடாமல் ஆஞ்சியோடென்சினை மட்டும் தடுக்கும் லோசார்டன், வால்சார்டன் போன்றவற்றுக்கு மாற்றித் தருவார். உதடோ நாக்கோ வீங்கினால் அது வேறு. அந்த வேளையே மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

குழாயை விரிப்பதுதான் வேண்டும் என்றால் விரிக்கும் மாத்திரை எதுவும் போதுமே என்று கேட்கலாம். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியது. அமெரிக்காவில் ஜே கோன் தலைமையில் 642 ஆண் நோயாளிகளிடம் நடந்து 1986இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு பிராசோசின், ஒரு பிரிவினருக்கு ஹைட்ரலசினும் ஐசோசார்பைடு டைநைட்ரேட்டும் சேர்த்து, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. பிராசோசின் குழாயை விரிக்கும் மருந்துதான். ஆனால் அதைச் சாப்பிட்டவர்களின் ஆயுள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் ஆயுளைப் போலவே இருந்தது. நுண்தமனிகளை விரிக்கும் ஹைட்ரலசினும் சிரைகளை விரிக்கும் நைட்ரேட்டும் சேர்ந்தபோது இறப்பு குறைந்தது, பம்பிங்கும் உயர்ந்தது. அடுத்து 1991இல் வந்த ஆய்வு அந்தக் கூட்டையும், ராமிப்ரிலைப் போலவே ஏசிஇ நொதியைத் தடுக்கும் எனலாபிரிலையும் நேருக்கு நேர் வைத்தது. பம்பிங்கை அதிகம் உயர்த்தியது ஹைட்ரலசின் கூட்டு; அதிகம் பேரை உயிரோடு வைத்திருந்தது எனலாபிரில், இரண்டு ஆண்டு முடிவில் இறப்பு 25க்கு எதிராக 18 சதவீதம். இந்த ஒரு முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். குழாய் எவ்வளவு விரிகிறது என்பதைவிட, எந்தக் கட்டளையைத் தடுத்து அது விரிகிறது என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று அது காட்டியது. கட்டளையைத் தடுக்காமல் குழாயை மட்டும் விரித்தால், அழுத்தம் இறங்குவதைக் கண்ட உடல் ரெனினையும் நார்அட்ரினலினையும் இன்னும் அதிகமாகச் சுரந்து பழி தீர்த்துக்கொள்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரின் அம்லோடிபின் உங்கள் தந்தையாருக்கு எழுதப்படாததும் இதனால்தான். கால்சியம் வழியை அடைத்துக் குழாய்த் தசையைத் தளர்த்தும் அம்மருந்து, பம்பிங் குறைந்தவர்களுக்குக் கேடு செய்வதில்லை, ஆயுளைக் கூட்டுவதுமில்லை. மேலும் அது கணுக்காலில் வீக்கம் உண்டாக்கும். இதய நோயாளியின் கால் வீக்கம் மருந்தாலா நோயாலா என்ற குழப்பம் வேறு சேரும். அதே குடும்பத்தின் டில்டியாசெம், வெராபமில் ஆகிய இரண்டும் இதயத் தசையின் சுருங்கும் வலுவையும் குறைப்பவை. பம்பிங் குறைந்தவர்களுக்கு அவை ஆகா. வேறொரு காரணத்துக்காக வேறொரு மருத்துவரிடம் போகும்போது இதய நோயைச் சொல்லாமல் விட்டு, இவற்றை வாங்கிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அளவை ஏன் கூட்டினார்கள் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. மிகக் கடுமையான இதயச் செயலிழப்பில் இருந்த 253 பேரிடம் பின்லாந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் நடந்து 1987இல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 44 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். எனலாபிரில் பெற்றவர்களில் 26 சதவீதம். மாரடைப்புக்குப் பின் இதயச் செயலிழப்பு வந்தவர்களிடம், அதாவது உங்கள் தந்தையாரைப் போன்றவர்களிடமே, ராமிப்ரிலைச் சோதித்த ஆய்வு 1993இல் வெளியானது. இறப்பு 27 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வில் எட்ட முயன்ற அளவு 5 மில்லிகிராம், ஒரு நாளுக்கு இரண்டு வேளை. இதே வகையைச் சேர்ந்த லிசினோபிரிலில் குறைந்த அளவையும் உயர்ந்த அளவையும் ஒப்பிட்டபோது, உயர்ந்த அளவு பெற்றவர்களில் இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்த்து 12 சதவீதம் குறைவாக இருந்தது. எனவே தலைசுற்றல் இல்லாத ஒருவருக்கு, எண் 98 என்பதற்காக மட்டும் 2.5 மில்லிகிராமிலேயே நின்றுவிடும் மருத்துவரைவிட, இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துப் படிப்படியாக உயர்த்தும் மருத்துவர் அதிக அக்கறையோடு நடக்கிறார் என்பதே என் கருத்து.

மற்ற இரண்டு மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்வெடிலால் நார்அட்ரினலினின் தாக்குதலிலிருந்து இதயத்தைக் காப்பது. அதோடு குழாய்களில் நார்அட்ரினலினின் கட்டளையை வாங்கும் ஆல்ஃபா ஏற்பிகளையும் தடுப்பதால் அவற்றைச் சற்று விரிக்கவும் செய்யும். இதே வேலைக்குத் தரப்படும் பிசோபிரோலால், மெட்டோபிரோலால் ஆகியவற்றுக்குக் குழாயை நேராக விரிக்கும் இந்தக் குணம் கிடையாது. தொடங்கிய முதல் சில வாரங்களில் சோர்வு கூடலாம். பம்பிங் உயர்வது மாதக்கணக்கில்தான் தெரியும். ஸ்பைரோனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனைத் தடுத்து, இதயத்திலும் குழாய்ச் சுவரிலும் நார் படிவதைக் குறைக்கிறது. 1999இல் வெளியான ஆய்வில் கடுமையான நோயாளிகளின் இறப்பை 30 சதவீதம் குறைத்தது. நீர் மாத்திரையாகிய ஃபுரோசெமைடு தேங்கிய நீரை வெளியேற்றுகிறது. ஊசியாகப் போடும்போது சிறுநீர் போவதற்கு முன்பே சிரைகளை விரித்து மூச்சை இலகுவாக்குவதும் உண்டு. பின்னாளில் ராமிப்ரிலை நிறுத்திவிட்டு சாகுபிட்ரில், வால்சார்டன் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றலாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். இதயமே சுரக்கும், குழாயை விரித்து உப்பை வெளியேற்றும் ஹார்மோன்கள் சிதையாமல் அது காக்கிறது. 8,399 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் எனலாபிரிலைவிட 20 சதவீதம் கூடுதல் பலன் தந்தது. மாற்றும்போது ராமிப்ரிலின் கடைசி வேளைக்கும் புதிய மாத்திரையின் முதல் வேளைக்கும் நடுவே 36 மணி நேரம் இடைவெளி கட்டாயம் வேண்டும். வீட்டில் மீந்திருக்கும் பழைய மாத்திரையைச் சேர்த்துப் போட்டுவிட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கும் அபாயம் உண்டு.

சிறுநீரகத்தைப் பற்றி நம் பக்கத்துக்கென்றே அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. சிறுநீரகத்தின் ஒவ்வொரு நுண் வடிகட்டிக்கும் இரத்தம் வரும் முன்வாசல் ஒன்று, வெளியேறும் பின்வாசல் ஒன்று, இரண்டும் நுண்தமனிகள். ஆஞ்சியோடென்சின் பின்வாசலை இறுக்கி வடிகட்டியில் அழுத்தத்தை நிறுத்துகிறது. ராமிப்ரில் அந்தப் பின்வாசலைத் திறப்பதால், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் சற்று ஏறும். 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை நாங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டு மருந்தைத் தொடர்வோம். ஆனால் நடவு முடிந்த அன்று இரவு இடுப்புவலி, முதுகுவலி என்று கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அம்மாத்திரை முன்வாசலைக் குறுக்குகிறது. முன்வாசல் குறுகி, பின்வாசல் திறந்து, நீர் மாத்திரையால் உடலில் நீரும் குறைந்திருந்தால் வடிகட்டியில் அழுத்தமே இராது; சில நாட்களிலேயே சிறுநீரகம் நின்றுபோக இது போதும். போதாதற்கு, வலி மாத்திரை உப்பைத் தேக்கி இதயச் செயலிழப்பையும் கிளறிவிடும். உங்கள் தந்தையாருக்கு வலி வந்தால் பாராசிட்டமால் மட்டும்தான் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பொட்டாசியமும் அப்படித்தான். ராமிப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை உடலில் தங்கவைப்பவை. இதயத்துக்கு நல்லது என்று நினைத்து, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் நாளுக்கு மூன்று இளநீர் குடித்துவந்தார். அவருக்குப் பொட்டாசியம் 6ஐத் தாண்டி, நாடித்துடிப்பு குறைந்து, அவசரமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. இளநீரும் நல்லதுதான், மாத்திரையும் நல்லதுதான், இரண்டும் சேர்ந்ததுதான் ஆபத்து. உப்புக்கு மாற்று என்று விற்கும் பொடிகளில் பொட்டாசியம் குளோரைடு இருப்பதால் அவையும் கூடாது. உப்பைக் குறைக்க வேண்டுமானால் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் ஆகியவற்றைக் குறைப்பதே நேர்வழி. அளவு உயர்த்திய இரண்டொரு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்தார்களா என்று மறவாமல் கேளுங்கள்.

இதுவரை சொன்னது பம்பிங் குறைந்த இதயத்துக்குத்தான் பொருந்தும். பம்பிங் இயல்பாக இருந்து, இதயம் விறைத்துப்போனதால் மூச்சு வாங்குகிறவர்களுக்குக் குழாயை விரிப்பதால் இவ்வளவு பலன் கிடைப்பதில்லை. நைட்ரேட் கொடுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் அவர்களுடைய நடமாட்டம் கூடவில்லை, குறையவே செய்தது. மகாதமனி வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கு, வாசலே குறுகலாக இருப்பதால், வெளியே குழாய்களை விரித்தாலும் இதயத்தால் கூடுதலாகத் தள்ள முடியாது. அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். ஆகவே எக்கோ பார்க்காமல், மூச்சு வாங்குகிறது என்பதை மட்டும் வைத்து அடுத்த வீட்டு மாத்திரையைக் கடன் வாங்கிப் போடக் கூடாது. நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆண்மைக் குறைவுக்குத் தரப்படும் சில்டெனாஃபில் வகை மாத்திரையை ஒருபோதும் தொடக் கூடாது; கூச்சப்பட்டு இதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எப்போது 98 உண்மையாகவே குறைவு? எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருவது, நாள் முழுவதும் சிறுநீர் மிகக் குறைவாகப் போவது, பேச்சில் தடுமாற்றம், விழுவது ஆகியவை இருந்தால் எண் எதுவாயினும் குறைவுதான். அப்போதும் முதலில் குறைக்க வேண்டியது பெரும்பாலும் ராமிப்ரில் அன்று. கால் வீக்கம் இல்லாதவருக்கு நீர் மாத்திரை தேவைக்கு மேல் போகிறதா, வேறு எவராவது அம்லோடிபினையோ புராஸ்டேட்டுக்கான மாத்திரையையோ சேர்த்திருக்கிறார்களா என்று மருத்துவர் முதலில் பார்ப்பார். வாந்தியோ பேதியோ வந்து நீர் வற்றும் நாட்களிலும், சித்திரை வைகாசி வெயிலில் களத்தில் நின்று வியர்த்துக் கொட்டும் நாட்களிலும் எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்திவைக்க வேண்டும் என்பதை, அந்த நாள் வருவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார்கள். எங்கள் பக்கத்து முதியோருக்கு அது பெரிய உதவி. அவர்களிடம் உங்கள் தந்தையாருக்கு இருப்பது உயர் இரத்த அழுத்தம் அல்ல, இதயச் செயலிழப்பு என்பதைச் சொல்லி, குறிப்பேட்டிலும் எழுதச் சொல்லுங்கள். 98ஐப் பார்த்து அவர்கள் திகைக்கவும் வேண்டாம், நீங்கள் பயப்படவும் வேண்டாம்.

காலையில் எல்லா மாத்திரைகளையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனால் பத்து பத்தரை மணிக்குக் கிறுகிறுப்பு வருகிறது என்று பலர் சொல்வதுண்டு. ராமிப்ரிலை இரவுக்கு மாற்றி, கார்வெடிலாலைச் சாப்பாட்டோடு காலையும் மாலையும் பிரித்துக்கொண்டால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை போகும்போது, உட்கார்ந்து பார்த்த அழுத்தம், எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்துப் பார்த்த அழுத்தம், காலையில் சிறுநீர் கழித்தபின் பார்த்த எடை ஆகிய மூன்றையும் இரண்டு வாரத்துக்குத் தேதியிட்டு எழுதிக் கொண்டுபோங்கள். மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினால் மட்டும், அந்தத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.